அவர நீங்க என்னன்னு கூப்புடுவீங்க?

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது பத்து. முதலில் கண்ணில் பட்டது அவருடைய முதுகு. சுவரைப் பார்த்துப் போட்ட மேசை, அதன் மேல் பழைய கணினி, எதிரே ஒரு சுழல் நாற்காலியில் அந்த முதுகு. அவருக்கும் வாசலுக்கும் நடுவில் ஒரு பெஞ்சு. அதில் நான்கு பேர் மடியில் பிளாஸ்டிக் பைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். பைகளுக்குள் பட்டா நகல், குடும்ப அட்டை, இறப்புச் சான்றிதழ். திங்கட்கிழமை கடலூர் கலெக்டர் அலுவலகத்தில் மனு வாங்கும் நாள். அதனால் நெய்வேலி டவுன்ஷிப்பில் இருந்த அந்த ஜெராக்ஸ் கடைக்கு ஞாயிறுதான் கூட்ட நாள். மனு எழுதிக் கொடுப்பதுதான் அவருடைய முக்கியத் தொழில். ஜெராக்ஸ் மெஷின் ஓரமாக நின்றது.

அவர் திரும்பாமலேயே கேட்டுக்கொண்டிருந்தார்.

"இறந்தவரு உங்களுக்கு என்ன வேணும்?"

பெஞ்சின் முனையில் இருந்தவர், "அண்ணன்ங்க" என்றார்.

"கூடப் பொறந்தவரா?"

"ஆமாங்க. கூடப் பொறந்தவருதான்."

தட்டச்சு ஓசை நின்றது. "அவர நீங்க என்னன்னு கூப்புடுவீங்க?"

"மச்சான்னுதாங்க கூப்புடுவேன்."

பெஞ்சில் மற்ற மூவரும் சிரித்தார்கள். அப்போதுதான் நாற்காலி திரும்பியது. நாற்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடி, காதில் செருகிய சிவப்புப் பேனா. சிரிக்கவில்லை.

"கூடப் பொறந்த அண்ணன எந்த ஊர்ல மச்சான்னு கூப்புடுறாங்க?"

"இல்லீங்க, அக்கா வூட்டுக்காரருதான். அண்ணன் மாதிரிதானே, அண்ணன்னே வெச்சிக்கங்களேன்."

"வெச்சிக்கிறதுக்கு இது கொலு இல்லீங்க. போய் அக்காவக் கூட்டிக்கினு வாங்க. மனு அவங்க பேருல போவணும்."

மனு கேட்டு வந்தவர் பையைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனார். நாற்காலி மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பியது. நான் நகலெடுக்கப் போனவன். அன்று நகலெடுக்கக் கால் மணி நேரம் போதும். நான் ஒன்றேகால் மணி நேரம் அங்கே இருந்தேன்.

சுரங்கத்துக்கு நிலம் எடுத்த ஊர்களில் வாரிசு என்பது பெரிய சொல். யாருக்கு யார் என்ன உறவு என்பதை ஒட்டித்தான் இழப்பீடு, வேலை எல்லாம். ஆகவே மனு கொடுக்க வருகிறவர்கள் உறவைத் தயாரித்துக்கொண்டு வருவார்கள். யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் கூப்பிடும் சொல்லைத் தயாரித்துக்கொண்டு வர யாருக்கும் தோன்றாது. இருபது ஆண்டுகளில் அவர் கண்டுபிடித்த வழி இந்த ஒரு கேள்விதான். பிறகு நான் பார்த்தவரை, அதற்கு அவர் பதில் வாங்காமல் ஒரு மனுவும் எழுதியதில்லை.

அந்த நாட்களில் இணையத்தில் ஒரு படக்கதை வந்துகொண்டிருந்தது. பெயர் 'பதினேழரை பிளாக்'. டவுன்ஷிப்பில் எத்தனையோ பிளாக் உண்டு, பதினேழரை கிடையாது. ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பன்னிரண்டு கட்டங்கள் வரும். வரைந்தவர் பெயர் இருக்காது. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியை அள்ளுகிற காண்ட்ராக்ட் தொழிலாளர்களின் கதை. வீரமுத்து என்பவன் தன் வாயால் சொல்வதாகப் போகும். அவனோடு அதே ஷிப்டில் அஞ்சலை. இருவரையும் அதட்டிக்கொண்டும் காப்பாற்றிக்கொண்டும் வயதான ஒரு பெல்ட்டுக்காரர். அஞ்சலை அவரை மாமா என்று கூப்பிடுவாள்.

இந்தக் கதைக்குச் செல்போனில் ஒரு வாசகர் குழு இருந்தது. நாளிதழ் ஒன்றின் செய்தி மேசையில் முப்பது ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் அதை நடத்தும் வேலையை என் தலையில் கட்டியிருந்தார்கள். வேலை என்றால் காலை வணக்கப் படங்களை நீக்குவது. குழுவில் எல்லாரும் இருந்தார்கள்: குவார்ட்டர்ஸில் வளர்ந்து இப்போது துபாயில் இருப்பவர்கள், பெர்மனென்ட் ஊழியர்கள், அவர்களுடைய மனைவிகள், காண்ட்ராக்ட் ஆட்கள், நெல்லிக்குப்பத்தில் கடை வைத்திருக்கும் ஒரு பாய், சென்னைக்காரர்கள் சிலர்.

பெரிய விவாதம் அஞ்சலையையும் வீரமுத்துவையும் சேர்த்து வைப்பது பற்றி. 'இந்த வாரமாவது அவன் சொல்லிடணும்' என்று ஒருவர் எழுதுவார். 'அவ கண்ணு பாருங்க மூணாவது கட்டத்துல' என்று இன்னொருவர். அதற்கு நடுவே ஒரு நாள் 'ஜெராக்ஸ்' என்ற பெயரில் ஒரு பதிவு வந்தது.

'பதினோரு வாரமாகப் பார்க்கிறேன். அஞ்சலை எல்லாரையும் ஏதாவது சொல்லிக் கூப்பிடுகிறாள். சூப்பர்வைசரை சார், கேன்டீன்காரரை அண்ணே, பெல்ட்டுக்காரரை மாமா. வீரமுத்துவை மட்டும் இந்தாங்கறா, கேக்குதாங்கறா. ஒரு பெயரும் இல்லை. இது காதல் இல்லை. அவன் அவள் புருஷன், அல்லது புருஷனாக இருந்தவன்.'

இருபது பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். பாய் மட்டும், 'எங்க வீட்டுலயும் எனக்குப் பேரு இல்லீங்க' என்று எழுதினார். மூன்று வாரம் கழித்து ஒரு கட்டத்தில் அஞ்சலையின் டிரங்குப் பெட்டி திறந்தது. அடியில் கல்யாணப் படம். மாலையோடு வீரமுத்து.

அதற்குப் பிறகு அவர் சொல்வதைக் குழு காத்திருந்து படித்தது. சென்னை வாசகர் ஒருவர், 'வந்துகினு, போய்க்கினு என்பதெல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சு, இது கடலூரில் எங்கே வந்தது' என்று கேட்டார். 'வடலூர் பஸ்ஸில் பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள்' என்று பதில் வந்தது. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், உரையாடலில் இலக்கணப் பிழை மலிந்திருக்கிறது என்று நீளமாக வருந்தினார். அதற்கு: 'ஐயா, வீரமுத்து ஷெட்டில் "வந்துகினு இருக்கேன்" என்கிறான். கேட்டில் "வந்துட்டிருக்கேன் சார்" என்கிறான். முப்பது வாரத்தில் ஒரு தடவைகூட இடம் மாறவில்லை. பிழையாகப் பேசுகிறவனுக்கு இவ்வளவு ஒழுங்கு வராது. அவனுக்கு இரண்டு வாய் இருக்கிறது, வரைகிறவருக்கு அது தெரிந்திருக்கிறது.'

அந்த ஜெராக்ஸ் இந்த ஜெராக்ஸ்தான் என்று எனக்குத் தெரிய வந்தது கடையில். பெஞ்சில் இருந்த ஒரு கிழவரிடம், "அய்யா, தாசில்தார்ட்ட பேசுற வாய இங்க எடுக்காதீங்க, வூட்டு வாயில சொல்லுங்க" என்றார். நான் என் போனில் அந்த 'இரண்டு வாய்' பதிவைத் திறந்து காட்டினேன். ஒரு கணம் பார்த்துவிட்டு, "நீங்கதான் குட்மார்னிங்க எல்லாம் அழிக்கிறவரா? நல்ல காரியம்" என்றார்.

மற்றவர்கள் எந்த ஊர், எந்தத் தெரு என்று பேச்சை வைத்தே சொல்கிறவர் பேச்சிலிருந்து அவர் எந்த ஊர் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அப்பா தெற்கிலிருந்து வேலைக்கு வந்தவர், அம்மா சேலம் பக்கம், வலது பக்கக் குவார்ட்டர்ஸில் கோயம்புத்தூர்க்காரர்கள், இடது பக்கம் தஞ்சாவூர். "எங்க வீட்டுல சோறு கேக்குறதுக்கே நாலு விதமா கேக்கலாம் சார். யாரு கேக்குறாங்கன்னு அம்மா திரும்பிப் பாக்காம சொல்லிடும்" என்றார். தன்னைப் பற்றி அவர் சொல்லிக் கேட்டது இவ்வளவுதான்.

இப்போது அவர் நெய்வேலியில் இல்லை. கடை இருந்தது ஒருவருடைய குவார்ட்டர்ஸை ஒட்டிய தகரக் கொட்டகையில். நான் சொல்லப்போகிற விஷயம் நடந்த ஆண்டு முடிவதற்குள் அதைக் காலி செய்யச் சொன்னார்கள், செய்துவிட்டார். திருச்சி என்கிறார்கள், கள்ளக்குறிச்சி என்றும் சொல்கிறார்கள்.

அவரோடு பழகுவது எளிதல்ல. ஒரு நாள் கடை வாசலில் நின்று என் அண்ணனுடன் போனில் பேசிவிட்டு உள்ளே வந்தேன். தட்டச்சு செய்துகொண்டே, "அண்ணனுக்கு எப்பலேர்ந்து சார் வாங்க போங்க போட ஆரம்பிச்சீங்க?" என்றார். அதற்கு மூன்று மாதம் முன்பு நாங்கள் வீட்டுப் பங்கு விஷயமாகச் சண்டை போட்டிருந்தோம். வீட்டில்கூட யாரும் கவனிக்காதது அது. எனக்குக் கோபம் வந்தது. "இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?" என்றேன். அவர் உண்மையிலேயே திகைத்தார். "காதுல விழுந்துது சார். விழுந்தா சொல்லிடுறேன்" என்றார்.

காதில் விழுந்தால் சொல்லிவிடுவார். அவருடைய நல்லதும் கெட்டதும் அதற்குள் இருந்தன.

நான் சொல்ல வந்த விஷயம் நடந்த ஞாயிறு, ஏழு மணிக்கு வந்த பகுதி மற்ற வாரங்களைப் போல இல்லை. முதல் ஆறு கட்டங்களில் வசனமே கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் பெல்ட்டின் உருளையில் சிக்கிய கரியைப் பெல்ட்டுக்காரர் கையால் தள்ளுகிறார். ஏழாவது கட்டத்தில் கை போகிறது. அடுத்ததில் அஞ்சலை ஓடி வருகிறாள், வாய் திறந்திருக்கிறது, கட்டம் முழுக்க ஒரே சொல். பிறகு ஆம்புலன்ஸுக்குப் பதிலாக ஒரு டாடா ஏஸ் வண்டி வருகிறது. பின்னால் தார்ப்பாய்மேல் அவரைக் கிடத்துகிறார்கள். சூப்பர்வைசர் சொல்கிறான்: 'வீட்டுல மோட்டார் பெல்ட்டுல மாட்டிக்கிச்சுன்னு சொல்லு.'

ஏழு இருபத்திரண்டுக்கு ஜெராக்ஸின் பதிவு வந்தது.

'எட்டாவது கட்டத்தைப் பாருங்கள். எட்டு மாதமாக அஞ்சலைக்கு அவர் மாமா. இன்று பெரியப்பா. வரைகிறவர் தன்னை மறந்துவிட்டார். இது கற்பனை இல்லை. அடிபட்டவர் உண்மையான ஆள். வரைகிறவருக்கு அவர் சொந்தப் பெரியப்பா, அப்பாவுக்கு அண்ணன். மாமா என்று மாற்றி வைத்திருந்தது ஆள் தெரியாமல் இருக்க. அலறும்போது மாற்றிவைத்தது நிற்கவில்லை.'

பாராட்டு குவிந்தது. 'ஜெராக்ஸ் மேடம் வேற லெவல்' என்றார் துபாய்க்காரர் ஒருவர். ஒன்பது மணிக்குக் கம்மாபுரம் பக்கத்து ஆள் ஒருவர் எழுதினார்: 'எங்க பக்கத்து ஊர்ல போன வாரம் ஒரு பெரியவருக்கு விரல் போச்சே. வீட்டு மோட்டார்ல மாட்டிக்கிச்சுன்னு சொன்னாங்க. அவரும் பெல்ட் காண்ட்ராக்ட்தான்.' ஊர்ப் பெயரையும் போட்டிருந்தார்.

ஒன்பது முப்பத்தைந்துக்கு ஜெராக்ஸ் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார். அதற்கு முன் என்னிடம் போனில் பேசியதில்லை.

"சார், என்னோடத அழிங்க. அந்த ஊர் பேரு போட்டதையும் அழிங்க."

அழித்தேன். "என்ன ஆச்சு?" என்றேன்.

"குரூப்புல காண்ட்ராக்டர் ஆளுங்க இருக்காங்க. பெரியப்பான்னு நான் சொன்னேன். ஊரு இவரு சொல்லிட்டாரு. அந்தப் பெரியவரு தம்பிங்க புள்ளைங்கள்ல யாரு காண்ட்ராக்ட்ல இருக்காங்கன்னு பாத்தா முடிஞ்சிது. அவங்க கேட் பாஸப் புடுங்கிடுவாங்க."

"ஒருவேளை யாரும் கவனிக்காமல் இருக்கலாம்."

"நூறு பேரு படம் புடிச்சி வெச்சிருப்பாங்க சார். இன்னொன்னு. வரையிறது ஆம்பள இல்ல. பொம்பள. மொத மாசமே தெரியும். ஆம்பளைங்க இல்லாத எடத்துல பொம்பளைங்க பேசுறத ஆம்பள எழுத முடியாது. அத நான் சொல்லல. அத ஒன்னுதான் சொல்லாம விட்டேன்" என்றார்.

நான் கடைக்குப் போனேன். பெஞ்சில் கூட்டம் இருந்தது. அவர் மனு எழுதிக்கொண்டிருந்தார். பதினொன்றே முக்காலுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இறங்கியவருக்கு முப்பத்தைந்து வயது, இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. ஒரு காண்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக இருப்பவர். காண்ட்ராக்டர், சூப்பர்வைசர் இருவர் பெயரும் இங்கே வேண்டாம்.

"வணக்கம்க்கா. குரூப்புல ஜெராக்ஸ் நீங்கதானே? நான் உங்க ஃபேன்."

அவர் நாற்காலியைத் திருப்பினார்.

சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்தவில்லை. பெஞ்சில் இருப்பவர்கள் கேட்கட்டும் என்றே பேசினார். "பெரியவருக்கு ரெண்டு தம்பி. ஒருத்தரு மவன் எங்கிட்ட பம்ப்புல இருக்கான். இன்னொருத்தரு மவ பெல்ட்டுல கூட்டுறா. பொம்பளைக்கு இந்த படம் வரையிற வேலையெல்லாம் வராது, பையன்தான்னு எனக்குத் தெரியும். நீங்க ஆமான்னு ஒரு வார்த்த சொன்னீங்கன்னா முடிஞ்சிது. உங்க வாயால வந்தா அப்பீலே இல்லக்கா."

"நான் சொன்னது தப்பு" என்றார் அவர்.

அந்தக் கடையில் அந்தச் சொல்லை நான் முதல் தடவையாகக் கேட்டேன்.

சூப்பர்வைசர் சிரித்தார். "நீங்களா? எட்டு மாசமா ஒன்னுகூடத் தப்பாவல. இது மட்டும் தப்பாயிடுச்சா?"

"ஆயிடுச்சி."

"அப்ப சரி." அவர் சாவியை விரலில் சுற்றினார். "ஒன்னும் அவசரமில்ல. நாளைக்கு ரெண்டாம் ஷிப்டு ரெண்டு மணிக்கு. அதுக்குள்ள யாருன்னு சொல்லுங்க. இல்லன்னா ரெண்டு பேருக்குமே பாஸ் ஓடாது. பையனுக்கு ரெண்டு கொழந்த இருக்கு, அத மனசுல வெச்சிக்கங்க. கொழந்தைங்க உங்கள அக்கான்னு கூப்புடுமா ஆயான்னு கூப்புடுமா?"

மோட்டார் சைக்கிள் கிளம்பிப் போயிற்று. அவர் கையில் இருந்த மனுவை முடித்தார். இன்னும் மூன்று பேருக்கு எழுதினார். ஒன்றேகாலுக்குக் கடையைப் பூட்டினார். காகிதம், அட்டை, மைப்பெட்டி, இரண்டு பேனா ஒரு பையில். "வண்டி இருக்கா சார்?" என்றார்.

அந்த ஊருக்குப் போய்ச் சேர மூன்று மணி ஆயிற்று. டீக்கடையில் நிறுத்தி, "மோட்டார்ல கை மாட்டிக்கிட்டாரே, அவரு வூடு எது?" என்று கேட்டேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், "மோட்டாரா?" என்று என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, பச்சைக் கதவு வீட்டைக் காட்டினார்.

பெரியவர் கயிற்றுக் கட்டிலில் இருந்தார். வலது கை மணிக்கட்டு வரை கட்டுப் போட்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் அதைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். பக்கத்தில் ஒரு பெண் தம்ளரில் கஞ்சியோடு உட்கார்ந்திருந்தாள். இருபத்தெட்டு, முப்பது வயது. பையையும் சிவப்புப் பேனாவையும் பார்த்தாள்.

"நீங்கதான் ஜெராக்ஸா?"

"ஆமா."

"கண்டுபுடிச்சீங்க, சரி. அத ஊருக்கெல்லாம் தண்டோரா போடணுமாக்கா? படிச்சமா, சிரிச்சமான்னு போவ வேண்டிதான? எனுக்கு அவசரத்துல கை தவறிப்போச்சி. உங்களுக்கு என்னா அவசரம்?"

அவர் கட்டில் காலருகே தரையில் உட்கார்ந்தார். சூப்பர்வைசர் வந்ததையும் நாளைக்கு இரண்டு மணிவரை தவணை கொடுத்ததையும் வரிசையாகச் சொன்னார். தன்னுடைய பங்கு எதையும் விடாமல் சொன்னார்.

அந்தப் பெண் தம்ளரைக் கீழே வைத்தாள். "பம்ப்புல இருக்குற அண்ணன் ஒன்னும் பண்ணலியே. அவுரு எதுலயுமே இல்ல. நான் போய் நான்தான்னு சொல்லிடுறேன்."

"சொன்னா உன்ன நிறுத்துவாரு" என்றார் அவர். "ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க. படம் வரஞ்சான்னு எழுதக்கூட மாட்டாரு, வேல இல்லன்னுடுவாரு. பெரியவரு கை எங்க போச்சின்னு நாளைக்குக் காலையில கலெக்டர் மனுவுல ஏறணும். நீயும் உன் அண்ணனும் அதுல சாட்சி. மனு ரசீது வந்தப்புறம் உங்க ரெண்டு பேரயும் நிறுத்துனா, சாட்சிய ஏன் நிறுத்துனன்னு அவரு பதில் எழுதணும். எழுத பயப்படுவாரு."

"பயப்படலன்னா?"

"பயப்படலன்னா ரெண்டு பேருக்கும் போவும்."

"மனுவெல்லாம் வேணாம்" என்றார் பெரியவர். "எம் மருமவனுக்கு எம் பாஸ மாத்திக் குடுக்கறேன்னு சொல்லிக்கிறாரு. ஏழாந்தேதி வரச் சொல்லியிருக்காரு. மோட்டார்ல போச்சின்னு ஆசுபத்திரில எழுதிக் குடுத்துட்டேன். வுடுங்க. போனது போச்சி."

யாரும் அவரை வற்புறுத்தவில்லை. வெளியே ஒரு டிராக்டர் போயிற்று. பெரியவர் தம்பி மகளைப் பார்த்தார்.

"நீயா படம் போடற? அந்த போன்லயா?"

"ஆமா பெரியப்பா."

"என்னிய எப்பிடிப் போட்ட? காட்டு."

அவள் போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவர் இடது கையால் அதை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"ஏண்டி, நான் இவ்ளோ கெழவனா? மீச எங்க?"

"அடையாளம் தெரியக் கூடாதுன்னு எடுத்துட்டேன்."

"மீசய எடுத்தா மட்டும் தெரியாதா?" அடுத்தடுத்த கட்டங்களைத் தள்ளினார். ஏழாவதில் நின்றார். நெடுநேரம் பார்த்தார். "இப்பிடி இல்ல. இது தப்பு."

"எது?"

"பெல்ட்டு இந்தப் பக்கமா ஓடுது உன் படத்துல. அப்பிடி ஓடுனா கைய வெளிய தள்ளியிருக்கும். அது அந்தப் பக்கமாதான ஓடிச்சி. உள்ள இழுத்துகினு போச்சி. நான் பெல்ட்ட நிறுத்தச் சொல்லி ரெண்டு வாட்டி கத்துனேன். உற்பத்தி நின்னுடும், அப்பிடியே தள்ளுன்னாரு சூப்பர்வைசரு. கம்பி கேட்டேன், கம்பி இல்ல. கையாலதான் தள்ளுனேன். கயிறு ஒன்னு தொங்கும் பாரு, இழுத்தா நிக்குமே, அது அன்னிக்கி அறுந்து கெடந்துது. நாலு நாளா அறுந்து கெடந்துது. அத நீ போடவே இல்ல."

"நான் வரும்போது கயிறு கண்ணுல படல பெரியப்பா."

"அதான் தப்பு. கயித்தப் போடு."

எனக்குப் பக்கத்தில் பேனா ஓடும் ஓசை கேட்டது. அவர் அட்டையை முழங்காலில் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். எப்போதும் மனுதாரர் சொன்னதைக் கேட்டு, அதை அரசுத் தமிழுக்கு மாற்றித்தான் எழுதுவார். இப்போது 'ஓடிச்சி' என்றால் 'ஓடிச்சி' என்றே எழுதினார். பெரியவர் பேசி முடிக்கும்வரை தலையை உயர்த்தவில்லை. பிறகு எழுதியதை முதலிலிருந்து படித்துக் காட்டினார். பெரியவர் இரண்டு இடத்தில் திருத்தினார்.

"இத மனுவா குடுக்கட்டுமா?" என்றார் அவர்.

பெரியவர் கூரையைப் பார்த்தார். "ஏழாந்தேதி வரச் சொல்லியிருக்காரு" என்று மறுபடி சொன்னார். பிறகு தம்பி மகளைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையெழுத்துப் போடத் தெரிந்தவர். இடது கையைத் துண்டில் துடைத்து நீட்டினார். ஜெராக்ஸ் கடைக்காரர் மைப்பெட்டியைத் திறந்தார்.

பம்ப்பில் வேலை செய்யும் அண்ணன் ஐந்து மணிக்கு வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, தங்கையைப் பார்த்து, "வீரமுத்துவுக்கு வெச்சிருக்கியே ஒரு மூக்கு, அது என்னுதுதான? நான் அப்பவே நெனச்சேன்" என்றார். சாட்சி என்ற இடத்தில் தங்கையின் கையெழுத்துக்குக் கீழே தானும் போட்டார். எழுத்துகள் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டன.

திங்கட்கிழமை காலை ஆறு நாற்பது பஸ்ஸில் கடலூருக்குப் போனோம். பெரியவர், அண்ணன், தங்கை, அவர், நான். வரிசையில் நின்று பத்து நாற்பதுக்கு மனு கொடுத்தோம். ரசீதில் எண் விழுந்தது. கலெக்டர் அலுவலக வாசலிலேயே அவர் ரசீதைப் படம் எடுத்து வாசகர் குழுவில் போட எடுத்துவைத்தார். மனுவின் இரண்டு பக்கங்களையும், சாட்சிகளின் கையெழுத்தோடு சேர்த்தார். மேலே ஒரு வரியும் எழுதவில்லை. போடுவதற்கு முன் அந்தப் பெண்ணிடம் போனைக் காட்டி, "போடட்டுமா?" என்று கேட்டார். அவள் ஒரு நிமிடம் யோசித்து, தானே அழுத்தினாள்.

நான்கு நிமிடம் கழித்துத் துபாய்க்காரர், 'அஞ்சலையே நீதானா' என்று எழுதினார். அதற்குப் பின் வந்தவற்றைப் படிக்க எங்களுக்கு நேரமில்லை. பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது.

பெரியவரை வழியில் ஊருக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, ஒன்று முப்பத்தைந்துக்குச் சுரங்க கேட்டுக்கு எதிர்ப்பக்கம் இறங்கினோம். இரண்டாம் ஷிப்ட் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். நானும் அவரும் சாலைக்கு இந்தப் பக்கமே நின்றோம். அண்ணன் முதலில் போனார். பாஸை மெஷினில் காட்டினார். பச்சை விளக்கு. உள்ளே போய்த் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பெண் காட்டினாள். சிவப்பு. துடைத்துவிட்டு மறுபடி காட்டினாள். சிவப்பு. பின்னால் நின்றவர்கள் அவளைத் தாண்டிப் போக ஆரம்பித்தார்கள். காவலர், "ஓரமா நில்லும்மா" என்றார். அவள் ஓரமாக நின்றாள்.

என் பக்கத்தில் நின்றவர் பையை இரண்டு கையாலும் மார்போடு பிடித்திருந்தார். "என்னன்னுட்டுப் பேசுறாங்க சார்? இங்கேருந்து கேக்கல" என்றார். எனக்கும் கேட்கவில்லை. லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

ஒன்று ஐம்பதுக்குச் சூப்பர்வைசர் உள்ளேயிருந்து வந்தார். அதே இஸ்திரிச் சட்டை. அவளிடம் எதுவும் பேசவில்லை. போனைக் காதில் வைத்தபடி சாலைக்கு இந்தப் பக்கம் பார்த்தார், எங்களைப் பார்த்தார், திரும்பிக்கொண்டார். போனில் மறுபக்கம் இருந்தவர், ரசீதைப் பார்த்த காண்ட்ராக்டராகத்தான் இருக்கவேண்டும், நிறையப் பேசினார் போல. இவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு போனைப் பையில் போட்டுவிட்டு, காவலரிடம் ஏதோ சொல்லி, உள்ளே போய்விட்டார்.

காவலர் மேசைக்குக் கீழிருந்து, பாஸ் ஓடாதவர்களைக் கையால் பதிந்து உள்ளே விடும் நோட்டை எடுத்தார். அவள் பெயரையும் பாஸ் எண்ணையும் எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கினார். ஒன்று ஐம்பத்தேழுக்குக் கம்பியைத் தூக்கி அவளை உள்ளே விட்டார்.